போர்டு குடியிருப்புக்கு வசதித் திட்டம்: எங்கே தொடங்குவது, எதில் சறுக்கும்

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், நகரத்துக் குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய நான்கு பெரிய மறுகுடியமர்வுப் பகுதிகள் இருக்கின்றன. இவற்றைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்தின் கணக்குப்படி கண்ணகி நகரில் 15,656 வீடுகள், எழில் நகரில் 8,048, செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் 23,864. கூட்டினால் 54,000-ஐத் தாண்டும். ஒரு நடுத்தர ஊரின் அளவுக்கு மக்கள், ஒரு தெருவின் அளவுக்கு வசதிகள். அங்கே முதலில் வீடு வந்தது. பள்ளி, பால்வாடி, ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக, ஒவ்வொரு மனுவுக்கும் ஒன்றாக வந்தன. இன்னும் வராதவையும் உண்டு.

இதுபோன்ற பகுதியில் புதிதாக வேலைக்கு வந்த சமூகப் பணியாளர், நகரமைப்பு படிக்கும் மாணவர், முதல் முறை கவுன்சிலர், இப்போதுதான் சங்கம் பதிவு செய்த குடியிருப்போர் ஆகியோருக்கான வழிகாட்டி இது. உதாரணக் கணக்குக்கு 2,000 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆக 8,000 பேர் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் பகுதியின் எண்ணை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வசதி என்றால் கட்டடம் மட்டும் இல்லை. கட்டடம், அதில் உட்காரும் ஆள், அது திறந்திருக்கும் நேரம், அதன் கரண்ட் பில்லைக் கட்டுபவர், இந்த நான்கும் சேர்ந்தால்தான் வசதி. நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் மிஞ்சுவது பூட்டிய கதவுதான். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் இந்த நான்கையும் தேடித்தான் போகிறது.

முதல் வேலை: யாருடையது எது

வரைபடத்துக்கு முன்னால் ஓர் அட்டவணை போடுங்கள். ஐந்து பத்தி: வசதியின் பெயர், இடமும் கட்டடமும் யாருக்குச் சொந்தம், சம்பளம் யார் தருகிறார், கரண்ட்டும் தண்ணீரும் யார் கணக்கு, சாவி யாரிடம். கடைசிப் பத்தியைக் கிண்டல் என்று நினைக்க வேண்டாம். சமுதாயக் கூடத்தின் சாவி ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஓர் அலுவலக மேசை இழுப்பறையில் கிடப்பது மிகச் சாதாரணம்.

இந்தப் பகுதிகளில் சிக்கல் ஏன் கூடுதல் என்றால், வீடு கட்டியது ஒரு துறை, ஊரை நடத்துவது இன்னொரு துறை. கட்டியது 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். 2021-லிருந்து அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மக்கள் இன்னும் 'போர்டு' என்றுதான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். குப்பை, தெருவிளக்கு, சாலை எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011 விரிவாக்கத்தில் சென்னை மாநகராட்சிக்குள் வந்து 15-ஆம் மண்டலத்தில் சேர்ந்தன. பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளோ ஒரு கிராம ஊராட்சியின் எல்லையில் எழுந்தவை. ஊராட்சிக்கு இருக்கும் ஆள்பலத்தையும் எட்டு மாடிக் கட்டடங்களின் குப்பையையும் ஒருகணம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு துறை, பஸ் ஒரு துறை, பால்வாடி சமூக நலத்துறை, ரேஷன் கடையை நடத்துவது கூட்டுறவுச் சங்கம். போர்டு கட்டிய உள்சாலை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படாமல் இருந்தால், அதில் எரியாத விளக்குக்கு இரண்டு அலுவலகமும் பொறுப்பில்லை என்று சொல்லும். அதனால் அட்டவணையில் 'ஒப்படைப்பு ஆனதா, எந்தத் தேதி' என்று ஒரு குறிப்பும் சேருங்கள். பாதிப் பிரச்சினைகளின் வேர் அங்கே தெரியும்.

கேட்டுத் தெரியாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் சரியான இடத்துக்கு அவர்களே 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே எந்தத் துறை என்று தெரியாமலே அனுப்பலாம். ஒரு மனுவில் ஒரே விஷயம், எண்ணிட்ட கேள்விகள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'ஒப்படைப்புக் கடிதத்தின் நகல் தருக' என்று கேட்டால் வரும்.

தலை எண்ணுவது

ஒதுக்கீட்டுப் பட்டியலை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதில் உள்ள வீடு பூட்டியிருக்கும், வாடகைக்குப் போயிருக்கும், அல்லது கல்யாணமான மகனும் மருமகளும் சேர்ந்து ஒரே அறையில் ஏழு பேராக இருப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ஓடு நிற்கிறது. பெரும்பாக்கத்தின் இந்த வீடுகளில் அன்றைக்கு ஆளே இல்லை.

பத்து வீட்டுக்கு ஒன்று என்று எடுத்தால் போதும். 2,000-க்கு 200 வீடு. ஒவ்வொரு பிளாக்கிலும், ஒவ்வொரு மாடியிலும் விழும்படி எடுக்க வேண்டும். தரைத்தளத்தில் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் லிஃப்ட் பிரச்சினையும் தண்ணீர் அழுத்தப் பிரச்சினையும் உங்கள் தாளில் இருக்காது. இரண்டு பேர் ஒரு அணி, அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு மாலையில் ஓர் அணி எட்டு வீடு முடிக்கும். நான்கு அணி இருந்தால் ஏழு மாலையில் வேலை முடியும்.

மாலை என்று சொன்னது காரணத்தோடுதான். வார நாளில் காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டினால் வயதானவர்களும் வேலை இழந்தவர்களும்தான் இருப்பார்கள். வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போனவர்கள் திரும்புவது ஏழு மணிக்கு மேல். இரவு 7 முதல் 9 வரை, இல்லாவிட்டால் ஞாயிறு காலை. அலுவலக நேரத்தில் எடுத்த சர்வேயை வைத்து 'இங்கே பால்வாடி நேரம் போதுமானது' என்று எழுதப்பட்ட அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை.

கேள்வித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவரின் வயது, படிக்கும் பிள்ளை எந்தப் பள்ளி, வேலைக்குப் போகிறவர் எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார், ஒரு நாள் பஸ் ஆட்டோ செலவு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு எந்த முகவரியில், சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை எங்கே வாங்குகிறார்கள், நடக்க முடியாதவர் உண்டா, தண்ணீர் எத்தனை குடம். வருமானத்தைக் கேட்காதீர்கள், உண்மை வராது, வீட்டைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம்தான் வரும். 'இந்த வீடு உங்கள் பெயரில்தானா' என்ற கேள்வி அதைவிட மோசம். அதைக் கேட்ட பிளாக்கில் அடுத்த கதவு திறக்காது.

பழைய முகவரியிலேயே நிற்கும் ஸ்மார்ட் கார்டுகளைத் தனியாக எண்ணுங்கள். ரேஷன் கடைக்கு ஒதுக்கீடு கார்டு எண்ணிக்கையை வைத்துத்தான் வரும். நூறு கார்டு மாறாமல் இருந்தால் நூறு வீட்டின் அரிசி உங்கள் கடைக் கணக்கிலேயே ஏறாது. புதுக் கடை கேட்கும் முன் கார்டு மாற்ற ஒரு முகாம் போடுவது குறுக்கு வழி.

கோலமாவும் புளியங்கொட்டையும்

எண்ணிக்கை பாதி விஷயத்தைத்தான் சொல்லும். மீதிக்கு மக்களை வரைய விடுங்கள். பிளாக் வாசலில், மாலை வெயில் தாழ்ந்த பிறகு, பெண்கள் கோலமாவில் தங்கள் பகுதியைத் தரையில் வரையட்டும். பிளாக்குகள், குழாய், பஸ் ஸ்டாப், கடை, டாஸ்மாக், இருட்டான இடம். யாரும் பேனாவைப் பிடித்து 'எனக்கு எழுதத் தெரியாதும்மா' என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் சண்டை போட்டுத் திருத்தித் திருத்தி ஒரு படம் வரும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவர் கையிலும் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எந்த வசதி முதலில் வேண்டுமோ அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள்.

இதை ஒரே கூட்டமாக நடத்தினால் தெரிந்த முகங்கள் நாலு பேர் பேச, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெண்கள், ஆண்கள், பதின்வயதுப் பெண்பிள்ளைகள், இளைஞர்கள், வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று ஆறு கூட்டம் தனித்தனியாக வேண்டும். ஆண்கள் கூட்டத்தில் சமுதாயக் கூடம் முதலிடம் பிடிக்கும். பெண்கள் கூட்டத்தில் தண்ணீரும் படிக்கட்டு விளக்கும். பெண்பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டால் லிஃப்டில் ஏறப் பயமாக இருக்கிறது என்பார்கள். அது எந்தப் படிவத்திலும் வராது. ஆறு கூட்டத்தின் கொட்டைகளையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். தனித்தனியாகவே அறிக்கையில் வையுங்கள்.

விதிமுறைகளோடு ஒப்பிடுவது

இப்போது அரசின் அளவுகோல்களை எடுங்கள். இது மனுவுக்குப் பல் கொடுக்கும். நம் 8,000 பேருக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்.

அங்கன்வாடிக்கு விதி 800 பேருக்கு ஒன்று, ஆக 10 மையம். ஒவ்வொன்றும் குறைந்தது 600 சதுர அடி, சமைக்கும் இடமும் சேமிப்பறையும் குழந்தைக் கழிப்பறையும் சேர்த்து.

மத்திய நகரமைப்பு வழிகாட்டுதல் 2014-ன்படி தொடக்கப் பள்ளி 5,000 பேருக்கு ஒன்று, ஆக 2. சர்வேயில் 200 வீட்டில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 70 பேர் இருந்தால் மொத்தம் சுமார் 700, பள்ளிக்கு 350. கட்டாயக் கல்விச் சட்டப்படி 200 பிள்ளைகளைத் தாண்டிய தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 40 பேருக்கு மேல் கூடாது, தலைமையாசிரியர் தனி. ஆக ஒவ்வொரு பள்ளிக்கும் 9 ஆசிரியரும் ஒரு தலைமையாசிரியரும். பள்ளி கேட்கும்போது இந்த எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் கட்டடம் வரும், ஆசிரியர் 'டெபுடேஷனில்', அதாவது வேறு பள்ளியிலிருந்து தற்காலிகமாக, வருவார்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒன்று. நகர்ப்புற நலவாழ்வு மையம் 15,000 முதல் 20,000 பேருக்கு ஒன்று. செவிலியர் 10,000 பேருக்கு ஒருவர். நம் குடியிருப்புக்கு ஒரு செவிலியரும், பக்கத்துக் குடியிருப்போடு பங்கிடும் ஒரு நலவாழ்வு மையமும் நியாயமான கோரிக்கை. தனி ஆஸ்பத்திரி கேட்டு மனு எழுதினால் விதியைக் காட்டித் தள்ளுவார்கள்.

இந்த எண்கள் தலையை மட்டும் எண்ணுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். கடிகாரத்தை எண்ணுவதில்லை. பத்து அங்கன்வாடி கணக்குப்படி சரியாக இருக்கலாம்; தாய் காலை ஆறு மணிக்கு அடையாறு பஸ் ஏறினால், ஒன்பது மணிக்குத் திறக்கும் பால்வாடிக்குக் குழந்தையைக் கூட்டிப்போவது யார்? எட்டு வயது அக்கா. அவள் பள்ளிக்கு லேட், பிறகு லீவு, பிறகு இடைநிற்றல். அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைக் காப்பகம் கேட்கலாம். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அதற்கு வழி உண்டு. சர்வேயில் கிளம்பும் நேரத்தைக் கேட்கச் சொன்னது இந்தக் கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும் என்பதற்காகத்தான். அதேபோல மாலை நேர வெளிநோயாளர் பிரிவு. கூலி வேலைக்காரர் காலையில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

தண்ணீரைக் குடத்தில் அளப்பது

தண்ணீருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் காகிதமும் குழாயும் அதிகம் விலகி நிற்கும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 8,000 பேருக்கு 10.8 லட்சம் லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஒரு நாளைக்கு 120 நடை. லாரியை நம்பி ஓட்ட முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

வீட்டில் அளக்க மீட்டர் இருக்காது, குடம் இருக்கும். பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 135 லிட்டர் வீதம் 540 லிட்டர், அதாவது 36 குடம். அந்த வீட்டில் 12 குடம்தான் பிடிக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 45 லிட்டர். தெருக்குழாயில் பிடிக்கிறவர்களுக்கு வகுத்த அளவே 40. உள்குழாய் போட்ட அடுக்குமாடி, தெருக்குழாய்க் கணக்கில் ஓடுகிறது என்று ஒரு வரியில் எழுதலாம். பொறியாளருக்கு அது உடனே புரியும்.

ஒரு பிளாக்கை எடுத்து ஏழு நாள் ஒரு நோட்டில் குறியுங்கள்: கீழ்த் தொட்டிக்குத் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், மோட்டார் போட்ட நேரம், மேல்மாடிக் குழாயில் வந்த நேரம். 96 வீடு உள்ள பிளாக்குக்கு 384 பேர், 51,840 லிட்டர் வேண்டும். கீழ்த் தொட்டி நிரம்பியும் மேல்மாடிக்கு வரவில்லை என்றால் கோளாறு குடிநீர் வாரியத்தில் இல்லை; மோட்டார், வால்வு, மேல்தொட்டி, அல்லது மோட்டார் போடும் ஆள். கீழ்த் தொட்டியே நிரம்பவில்லை என்றால் கோளாறு வரத்தில். இதைப் பிரிக்காமல் 'தண்ணீர் வரவில்லை' என்று மனு கொடுத்தால் அது இரண்டு துறைக்கும் நடுவே ஆறு மாதம் ஊஞ்சலாடும். கண்ணில் படும் இன்னொன்று: கீழ்வீட்டில் யாராவது குழாயில் தனி மோட்டார் வைத்து உறிஞ்சுவார். அதைப் போலீஸ் விஷயமாக்காமல் பிளாக் கூட்டத்தில் பேசி முடிப்பதுதான் நடக்கும்.

மேல்தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி தொட்டிமேலேயே பெயின்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். கழிவுநீர்த் தொட்டியும் குடிநீர்த் தொட்டியும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதையும் ஒரு டேப் வைத்து அளந்து எழுதுங்கள். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு எந்தப் பிளாக்கில் தொடங்கும் என்று அந்த அளவே சொல்லிவிடும்.

இன்னும் மாற்றப்படாத குடிசைப் பகுதியில் சமுதாயக் கழிப்பறை கேட்பதாக இருந்தால், தூய்மை இந்தியா விதி ஆண்களுக்கு 35 பேருக்கு ஒரு இருக்கை, பெண்களுக்கு 25 பேருக்கு ஒன்று. ஆண் 200, பெண் 200 என்றால் ஆண் பக்கம் 6, பெண் பக்கம் 8. வரைபடத்தில் இரண்டு பக்கமும் சமமாக ஐந்தைந்து போட்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

எங்கே வைப்பது

மிஞ்சிய மூலையில் வசதிகளை வைப்பது பழைய வழக்கம். பத்தில் ஏழு தோல்வி இடத் தேர்வில்தான் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இதில் தவறு நடக்கிறது.

அங்கன்வாடி தரைத்தளத்தில், குழந்தை நடந்து பத்து நிமிடத்துக்குள். மூன்று வயதுக் குழந்தையைக் கையில் பிடித்து நடந்து பாருங்கள், பெரியவர் ஐந்து நிமிடத்தில் போகும் 400 மீட்டர் அதற்குப் பெரிய பயணம். நடுவில் பஸ் போகும் சாலை இருக்கக் கூடாது. மூன்றாம் மாடியில் காலி வீடு இருக்கிறது என்று அங்கே அங்கன்வாடி வைத்தால் கர்ப்பிணி சத்துமாவு வாங்க ஏறமாட்டார். ரேஷன் கடைக்கு முன்னால் லாரி நின்று திரும்ப இடமும், வரிசைக்கு நிழலும் வேண்டும். 50 கிலோ மூட்டையைத் தோளில் தூக்கி நெடுந்தூரம் நடக்க வைத்தால் சரக்கு ராத்திரியில்தான் இறங்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் 1-க்கு 12. அதாவது 30 செ.மீ. உயரப் படிக்கு 3.6 மீட்டர் நீளச் சாய்தளம். இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் பைக் ஏற்றத்தான் உதவும். நடக்க முடியாதவர் இருக்கும் வீடுகளைச் சர்வேயிலிருந்து பட்டியலிட்டுத் தரைத்தள வீட்டுக்கு மாற்றித் தரக் கேட்பது எந்தக் கட்டுமானமும் இல்லாத, செலவில்லாத திட்டம். முதலில் இதைச் செய்யுங்கள்.

வெள்ளம்: செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்ப்போக்கு சார்ந்த தாழ்வான பகுதிகள். 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பழைய குடியிருப்பாளர்களிடம் கேட்டுச் சுவரில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இல்லாத தரையில் மருந்தறை, பால்வாடி அரிசி, டிரான்ஸ்பார்மர், மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவும் வைக்கக் கூடாது. வெள்ளத்தில் தங்குமிடம் எது, அதற்குப் போகும் பாதை மூழ்குமா என்பதும் அதே வரைபடத்தில் வர வேண்டும்.

விளையாட்டுத் திடலைக் காம்பவுண்டு இல்லாமல் விட்டால் ஆறு மாதத்தில் தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் நிறுத்தும் இடமாகிவிடும். திடலைச் சின்ன விஷயமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். கபடிக்கு வேண்டியது ஒரு தட்டையான தரை, நாலு விளக்கு, அது இரவு ஒன்பது வரை எரிய ஒரு மின் இணைப்பு. படிப்புக்கும் இதுதான் கதை. தொடக்கத்தில் கட்டிய வீடுகள் சில 200 சதுர அடிக்கும் குறைவு. டிவி ஓடும் ஒரே அறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? 2024-ல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போல மேசை, ஃபேன், வைஃபை உள்ள படிப்பகத்துக்குக் காலியாகக் கிடக்கும் ஒரு கூடமே போதும்.

பஸ்ஸைத் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்

பலர் போக்குவரத்தை வசதிப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. நகரின் நடுவிலிருந்து 20, 30 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து குடிவைத்த மக்களுக்கு வேலை இன்னும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும்தான் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே கேள்வி 'பஸ் இருக்கிறதா' என்பதில்லை, 'காலை ஐந்திலிருந்து ஏழு வரை எத்தனை சாதாரணக் கட்டண பஸ்' என்பதுதான். மூன்று நாள், ஸ்டாப்பில் ஒரு ஆளை உட்காரவைத்து ஒவ்வொரு பஸ்ஸின் நேரம், வழித்தட எண், வகை, ஏற முடியாமல் நின்றவர்கள் எண்ணிக்கை எழுதுங்கள். இரவில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும். டெப்போ மேலாளரிடம் இந்த மூன்று பக்கத்தை நீட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். ஸ்டாப்பிலிருந்து பிளாக் வரை விளக்குக் கம்பங்களுக்கு இடையே 30 மீட்டருக்கு மேல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணமும் சாவியும்

எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி, கவுன்சிலர் வார்டு நிதி மூன்றும் கட்டடத்துக்கு உதவும். சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் உதவாது. திறப்பு விழாக் கல்வெட்டு பளபளப்பாக இருக்க, உள்ளே ஒட்டடை தொங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் இரண்டு தொகை எழுதுங்கள்: ஒருமுறைச் செலவு, ஆண்டுச் செலவு. படிப்பகம் என்றால் ஆண்டுச் செலவில் காவலர், துப்புரவு, கரண்ட், இணையம், பல்பு ஃபேன் ரிப்பேர். இரண்டாவது தொகைக்கு எந்தத் துறை எழுத்தில் ஒப்புக்கொண்டது என்று தெரியும் வரை முதல் தொகைக்கு அவசரப்பட வேண்டாம். இதைச் சொன்னால் 'முதல்ல கட்டடம் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்பார்கள். பிறகு யாரும் பார்ப்பதில்லை.

லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு இவற்றுக்குப் பிளாக் சங்கம் வேண்டும். 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கி, பெண்களை நிர்வாகத்தில் வைத்தால், 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் வசூலாகும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசுப் பங்கு கேட்க வழி இருக்கிறது. வசூல் ஏன் நின்றுபோகும் என்றால், பணம் கட்டியவருக்குக் கணக்கு தெரிவதில்லை. மாதம் முதல் ஞாயிறு, வரவு செலவை ஒரு சார்ட்டில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். லிஃப்ட் நின்றுபோன நாட்களையும் அதிலேயே எழுதுங்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் பேச அது ஆதாரம்.

மனுவாக மாற்றுவது

இருபது கோரிக்கைகளை ஒரே மனுவில் அடுக்கினால் அது எந்த மேசையிலும் தங்காது. முதலில் முன்னுரிமை பிரியுங்கள். மூன்று மாதத்தில் பணமில்லாமல் முடிவது: நேர மாற்றம், சாவி மாற்றம், கார்டு முகாம், தரைத்தள மாற்றம். ஓராண்டில் சிறு பணத்தில் முடிவது: விளக்கு, சாய்தளம், திடல் வேலி. அதற்கு மேல்: பள்ளி, நலவாழ்வு மையம், மழைநீர் வடிகால். முதல் வகையில் இரண்டு மூன்று முடிந்துவிட்டால்தான் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வருவார்கள்.

ஒரு துறைக்கு ஒரு மனு, ஒரு பக்கம். மேலே கோரிக்கை ஒரே வாக்கியத்தில். அடுத்து விதி, இப்போது இருப்பது, பற்றாக்குறை: '800 பேருக்கு ஒன்று வீதம் 10 வேண்டும், இருப்பது 4, தேவை 6'. கீழே இடம், நிலத்தின் சர்வே எண் அல்லது பிளாக் எண், ஒரு போட்டோ. திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். 'முதல்வரின் முகவரி' குறைதீர் பிரிவுக்குத் தொலைபேசி எண் 1100, மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913. 2022 விதிகளின்படி நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள், அதாவது வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் சபைகள், உண்டு. அங்கே தீர்மானமாகப் பதிவானால் கவுன்சிலருக்கும் அது கைக்கொடுக்கும். தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தை அன்றைக்கே போட்டோ எடுங்கள்.

பல துறைகள் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு, அதாவது ஒப்படைக்காத சாலைக்கும் எரியாத விளக்குக்கும், தனித்தனியாக அலையாமல் போர்டு பொறியாளர், மாநகராட்சி உதவிப் பொறியாளர், மின்வாரியப் பிரிவு அலுவலர் மூவரையும் ஒரே நாளில் அதே கம்பத்தடியில் நிற்க வையுங்கள். கூட்டு ஆய்வுக்குக் கடிதம் கொடுத்துத் தேதி வாங்கலாம். மூவரும் நேருக்கு நேர் நிற்கும்போது 'அது அவங்க வேலை' என்ற பேச்சு எடுபடாது. ஆய்வுக் குறிப்பில் மூவரின் கையெழுத்தையும் அங்கேயே வாங்குங்கள்.

பிறகு பதிவேடு. மனு எண், தேதி, துறை, பதில், அடுத்த கெடு. 30 நாளில் பதில் இல்லையென்றால் மனுவின் நிலை என்ன என்று ஆர்.டி.ஐ.; அதற்கும் 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிகாரி மாறும்போது இந்தப் பதிவேட்டின் நகலோடு முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முதலில் போட்ட ஐந்து பத்தி அட்டவணையை எடுத்து, கிடைத்த வசதி ஒவ்வொன்றுக்கும் சொல்லாமல் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும்: அது திறந்திருக்க வேண்டிய நேரத்தின் தொடக்கத்தில், நடுவில், முடிவில். திறந்திருந்ததா, ஆள் இருந்தாரா, விளக்கு எரிந்ததா. மூன்றில் இரண்டு முறை பூட்டியிருந்தால் அதைக் 'கிடைத்தது' பட்டியலிலிருந்து எடுத்து மீண்டும் 'தேவை' பட்டியலில் எழுதுங்கள்.